வெள்ளிக்கிழமைச் சீட்டுகள்

இரண்டாக மடித்த சீட்டு அவர் விரலிடுக்கில் இருக்கிறது, ஆவுடையம்மாள் கையை நீட்டுகிறாள், நீட்டிய கைக்கு மேலாக அது கடந்து போய் அன்னபாக்கியத்தின் கையில் சேர்கிறது, வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்த ஆவுடையின் தலையிலிருந்து முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, அன்னபாக்கியம் மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு சீட்டைப் பிரிக்கிறாள், முதலில் தனக்குள் ஒருமுறை படித்துக்கொள்கிறாள், அந்த ஒரு கணம், தன் புருஷன் தனக்குச் சொன்னது தன்னைவிட முந்தி இன்னொருத்திக்குத் தெரிந்துவிடுகிற அந்த ஒரு கணம், அதைத்தான் ஆவுடையால் எத்தனை வருஷமானாலும் செரிக்க முடியவில்லை, பிறகு அந்த மகராசி நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள், அக்கா, ஈரத்தலையோட நிக்காதீங்க, சளி பிடிச்சிரும், உள்ள போய்த் துவட்டுங்கன்னு ஐயா சொல்லுதாக, என்பாள், ஆவுடை அவரைப் பார்ப்பாள், அவர் ராட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார், வாயால் ஒரு நாளும் இத்தனை இதமாகப் பேசாத மனுஷன் காகிதத்தில் மட்டும் இப்படி உருகுகிறாரே, அதுவும் இவள் கையில் கொடுக்கிற காகிதத்தில், என்று நினைக்கும்போதே வயிறு எரியும், உள்ளே போய்த் தலையைத் துவட்டமாட்டாள், வேண்டுமென்றே ஈரத்தோடு அடுப்பு முன் உட்கார்ந்து இருமுவாள்.

அந்தச் சீட்டுகள்தான் இப்போது அவள் மடியில் இருக்கின்றன, துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றில், வருஷவாரியாக நூல் சுற்றி, அவளுக்கு எழுபத்தெட்டு வயது, அவர் போய் முப்பது வருஷம், தாமிரபரணிக் கரையில் அவர் நடத்திய ஆசிரமத்தை அரசாங்கம் நினைவில்லம் ஆக்குகிறது, அடுத்த மாதம் மந்திரி வந்து திறக்கிறார், சுவரெல்லாம் வெள்ளையடித்து, அவர் படுத்த கட்டில், நூற்ற ராட்டை, சிறையில் சாப்பிட்ட தகரத் தட்டு என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாயிற்று, திருமலைக்கொழுந்து என்ற அவர் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை, நாடு முழுக்க ஐயா என்றால் அவர்தான், நினைவில்லத்து அதிகாரி இசக்கியப்பன் காலையில் அங்கே கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் மடியில் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான், அம்மா, அன்னபாக்கியம் டீச்சர் போன தை மாசம் தவறிட்டாங்களாம், அவங்க தங்கச்சி மக கொண்டாந்து குடுத்தாங்க, ஐயாவோட மௌன நாள் சீட்டு பூராவும் இதுல இருக்காம், நாங்க நூலைக்கூட அவுக்கல, நீங்க படிச்சுப் பாத்து எது எதுன்னு சொன்னா கண்ணாடிப் பெட்டியில வச்சிரலாம், என்றான், சொல்லிவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். எப்படிச் செத்தாள், என்ன சீக்கு என்று ஒரு வார்த்தை கேட்க வரவில்லை ஆவுடைக்கு, முதலில் வந்தது பொறாமைதான், என் புருஷன் கையெழுத்தை இத்தனை வருஷம் இவள் டப்பாவில் போட்டு வைத்திருந்திருக்கிறாள், எனக்கென்று ஒரு துண்டுச் சீட்டு உண்டா, உயிரோடு இருந்தவரை இதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை பார்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது மூன்றே பேருக்குத் தெரிந்திருந்தது, அவருக்கும் அன்னபாக்கியத்துக்கும் பின்னால் வந்த காரியதரிசிக்கும், இசக்கியப்பனுக்கு எப்படித் தெரியும், பெண்ணுக்கு எழுத்து வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிப் பள்ளிக்கூடம் திறந்த மனுஷரின் பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று எவன் நினைப்பான். கல்யாணமான புதிதில் அவரே கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார், மூன்று நாள், சிலேட்டும் பலப்பமும் வைத்துக்கொண்டு, முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் பெருமூச்சு விட்டார், மூன்றாம் நாள் ஆவுடை தன் பெயரின் முதல் எழுத்தைச் சுழிக்கத் தெரியாமல் சுழித்தபோது சிலேட்டைப் பிடுங்கி எறிந்தார், அது அம்மியில் பட்டு இரண்டாயிற்று, மைதானத்தில் ஆயிரம் ஆயிரமாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கடைசி வரிசைக் கிழவி வரைக்கும் விளங்குகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்கிறவருக்கு ஒருத்திக்குச் சொல்லப் பொறுமை இருக்கவில்லை, கூட்டம் இல்லாவிட்டால் அவருக்கு அன்பு ஊறாது, அதுதான் அவர் சுபாவம், அத்தோடாவது விட்டாரா, அடுத்த வாரமே தென்காசிக் கூட்டத்தில், நான் என் வீட்டிலேயே தொடங்கிவிட்டேன், இதோ என் மனைவி இன்று பத்திரிகை படிக்கிறாள் என்றார், மேடையில் உட்கார்ந்திருந்த ஆவுடையைப் பார்த்து ஊரே கைதட்டுகிறது, பதினாறு வயசு, என்ன செய்வாள், எழுந்து கும்பிட்டாள், அந்தக் கும்பிடுதான் அவள் செய்த தப்பு, அதற்கப்புறம் யாரிடம் போய் எனக்கு அ ஆ சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பது, படம் பிடிக்க வருகிறவர்கள் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வாள், கொட்டை எழுத்து மேலே இருந்தால் நேர் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தாள்.

மௌன விரதம் வந்தது பிறகு, வாரத்தில் ஒருநாள் நாக்கை அடக்கினால் மற்ற ஆறு நாளும் அது உண்மை பேசும் என்றார், நாடு கொண்டாடியது, வீட்டில் பெண்டாட்டிக்குச் சீட்டு எழுதினால் அவளுக்குப் படிக்கத் தெரியாதே, அதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை, சரியாக அந்த வருஷத்தில்தான் பாளையங்கோட்டையில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை உதறிவிட்டு அன்னபாக்கியம் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தாள், ஆவுடையைவிட ஒரு வயசு இளையவள், ஒல்லி, கறுப்பு, வெள்ளைச் சேலை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், வந்த நாளிலிருந்து அக்கா அக்கா என்று காலைச் சுற்றினாள், ஆவுடை முகம் கொடுக்கவில்லை. அவருக்கும் தனக்கும் மட்டும் என்று ஆவுடைக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, காபி, மலைத் தோட்டத்தில் கூலிகளை வதைத்து வருகிற காபியை இனித் தொடேன் என்று அவர் மேடையில் சபதம் எடுத்தார், ஊரெல்லாம் பில்டரைத் தெருவில் போட்டு நசுக்கியது, அவரால் நாலு நாள் தாங்க முடியவில்லை, ஐந்தாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் வந்து நின்றார், ஒண்ணும் பேசாத, ஒரு வாய் போடு என்றார், அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்தி, வாசம் வெளியே போகாமல் இருக்கச் சாம்பிராணி போட்டு, தம்ளரை முந்தானையால் மூடிக் கொண்டுபோய்க் கொடுப்பாள், ஐயா வீட்டம்மாவுக்கு என்ன பக்தி, விடிந்தால் சாம்பிராணிதான் என்று ஊர் மெச்சியது, அந்தத் திருட்டில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, நாட்டுக்கு அவர் ஐயா, தனக்கு ஒரு தம்ளர் காபிக்கு ஏங்கி நிற்கிற புருஷன், அதையும் ஒரு வெள்ளிக்கிழமை சீட்டு கொண்டுபோய்விட்டது, அன்னபாக்கியம் பிரித்தாள், தனக்குள் படித்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அக்கா, காபிக்கு ஒரு கரண்டி தூள் கூடப் போடலாமாம், ஆனா உங்க கைப்பக்குவம் வேற யாருக்கும் வராதுன்னு ஐயா சொல்லுதாக, என்றாள், பாராட்டு ஆவுடையின் காதில் விழவே இல்லை, இவளுக்கும் தெரிந்துவிட்டதே என்பதுதான் விழுந்தது, அன்றைக்குச் சாம்பிராணியை அள்ளிக் கொட்டி வீடு முழுக்கப் புகை.

வடிவு செத்ததும் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று வயசு, நாலு நாள் காய்ச்சல், பெற்ற மகள் போனபோதும் விரதத்தை முறிக்காத மகான் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது, பிறகு பள்ளிக்கூடப் பாடத்திலும் வந்தது, அவர் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், ஆவுடை உள்ளறையில் குழந்தையை மடியில் போட்டுக் கத்துகிறாள், அன்னபாக்கியம் சீட்டோடு வருகிறாள், நிலைப்படியில் நின்று தனக்குள் படிக்கிறாள், ஒரு சின்னச் சீட்டைப் படிக்க அத்தனை நேரமா, பிறகு கதவைச் சாத்தித் தாழ் போடுகிறாள், தரையில் வந்து உட்கார்ந்து ஆவுடையின் தோளைப் பிடித்துக்கொள்கிறாள், அக்கா, அடக்காதீங்க, வாய்விட்டு அழுதுருங்க, எனக்கும் சேத்து அவளையே அழச் சொல்லுன்னு ஐயா சொல்லுதாக, என்கிறாள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆவுடை அந்த வருஷத்தைக் கடந்தாள், எனக்கும் சேத்து, எனக்கும் சேத்து, அரைக்கும்போது சொல்வாள், துவைக்கும்போது சொல்வாள், இனிக்கும், இனித்த கையோடு கசக்கும், அதை என் காதில் சொல்லியிருக்கக்கூடாதா இந்த மனுஷன், ஒரே ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தைத் தூக்கி எறிந்திருக்கக்கூடாதா, என் பிள்ளைக்காக அவர் பட்ட துக்கத்தைக்கூட அவள்தானே முதலில் பார்த்தாள்.

அதனால்தான் அதைச் செய்தாள், ஒரு திங்கட்கிழமை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விசிறிக்கொண்டே, ஊருல ஒரு மாதிரி பேசுதாக, உங்களையும் டீச்சரையும் சேத்து, என்றாள், ஊரில் யாரும் பேசவில்லை, பேசியது அவள் வயிற்றெரிச்சல், அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது, லத்தியடிக்கு அஞ்சாதவர், தூக்கு என்று சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார், பேர் கெட்டுவிடும் என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் அங்கே தொட்டாள். அந்த வெள்ளிக்கிழமை சீட்டு வருகிறது, அன்னபாக்கியம் தனக்குள் படிக்கிறாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிக்கிறாள், அக்கா, பாளையங்கோட்டையில என் பழைய வேலை காலியா இருக்காம், நான் அங்க இருந்தாத்தான் பிள்ளைகளுக்கு நல்லதுன்னு ஐயா நினைக்காக, நாளைக்குக் கிளம்புதேன், என்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள், மறுநாள் தகரப் பெட்டியோடு வண்டி ஏறிப் போனாள், ஆவுடை அந்த வாரமே ஆசிரமத்துக் குரூப் போட்டோவைக் கண்ணாடி போடக் கொடுத்தாள், வலது ஓரத்தில் நின்றவளைப் பின்பக்கமாக மடித்து, வெட்டத்தான் நினைத்தாள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறாள் படுபாவி, வெட்டினால் தன் கையும் சேர்ந்து போய்விடும்போல இருந்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் சீட்டு படித்தது காரியதரிசி பால்வண்ணம், எழுத்துக்கு எழுத்து உள்ளபடி படிக்கிற மனுஷர், சோறு குழைந்திருக்கிறது, ஆட்கள் இருக்கும்போது கூடத்துக்கு வர வேண்டாம், வேட்டியில் கறை போகவில்லை, இப்படித்தான் வந்தது வாரா வாரம், அக்காவும் இல்லை, சளி பிடிக்கும் இல்லை, அன்னபாக்கியத்தோடு அந்த ஈரமும் வண்டியேறிப் போய்விட்டது, அப்படியானால் அது என்றைக்குமே தனக்கு வந்ததில்லை, அவள் படிப்பாள், அவள் கண் படும் என்பதற்காக எழுதியது என்று ஆவுடை முடிவு கட்டினாள், நாற்பத்தைந்து வருஷம் அந்த முடிவோடு படுத்தாள், அந்த முடிவோடு எழுந்தாள், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தூக்குவாளிப் பலகாரம் வரும், அக்காவுக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், மூடியைத் திறக்காமலே வாசல் பெருக்குகிறவளிடம் கொடுத்துவிடுவாள், அவர் செத்த அன்றைக்கு அன்னபாக்கியமே வந்து ஓரமாக நின்றபோதும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

எழுத்து வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், சமையலுக்கு இருக்கிற பேச்சி சாயங்காலம் முதியோர் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள், திரும்பி வந்ததும், கொண்டா பாப்போம், சரியா எழுதியிருக்கியான்னு பாக்கேன், என்று ஆவுடை நோட்டை வாங்குவாள், இது என்ன எழுத்து, நீயே சொல்லு, என்பாள், பேச்சி விரலை வைத்துச் சொல்வாள், ம், சரிதான், என்பாள் பெரிய வாத்தியார் மாதிரி, அப்படியே ஒவ்வொரு எழுத்தாகத் திருடிச் சேர்த்தாள், காபி மாதிரிதான், ஜன்னலைச் சாத்திக்கொண்டு முறத்து மாவில் விரலால் எழுதிப் பார்த்தாள், பேச்சியின் புத்தகத்தில் பத்தாம் பாடம் ஐயாவைப் பற்றியது, பெண்கள் படிக்க ஐயா பாடுபட்டார் என்று பேச்சி தடவித் தடவிப் படிக்க, ஆவுடையும் உதட்டுக்குள் கூடவே படித்தாள், எழுத்துக் கூட்ட வந்ததும் அவள் ஆசைப்பட்டது பத்திரிகைக்கு அல்ல, அந்தச் சீட்டுகளை ஒருமுறை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், எனக்கும் சேத்து என்று அவர் கைப்பட எழுதியிருப்பதை இன்னொருத்தி வாய் நடுவில் இல்லாமல் தானே வாங்கிக்கொள்ள வேண்டும், சாகுமுன் அது ஒன்று போதும் என்றுதான் இருந்தாள்.

நூலை அவிழ்க்கிறாள், பழைய கடித உறைகளின் உட்புறத்தில் பென்சில் எழுத்து, முதல் சீட்டை எழுத்து எழுத்தாகக் கூட்டுகிறாள், ஈரத் தலையோடு ஏன் வந்து நிற்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை, உள்ளே போகச் சொல், இது வேறு யாரைப் பற்றியோ என்று நினைத்தாள், தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று திரும்பவும் முதலிலிருந்து படித்தாள், அடுத்ததைப் பிரித்தாள், காபி இன்றும் தண்ணீர், இவளுக்கு எதுதான் உருப்படியாக வரும், அவ்வளவுதான் இருந்தது அதில், கைப்பக்குவம் இல்லை, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் யாரோ ஒட்டிய தபால்தலையின் தழும்புதான் இருந்தது, வடிவு போன வருஷத்துக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி அந்த வெள்ளிக்கிழமையை எடுத்தாள், அழுகைச் சத்தம் முற்றம் வரை கேட்கிறது, பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், கதவைச் சாத்து. கதவைச் சாத்தினாளே, தாழும் போட்டாளே, அவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்துவிட்டு அதோடு நிற்காமல் தரையில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாளே, எனக்கும் சேத்து என்றாளே, அந்த எனக்கு யார், நிலைப்படியில் நின்று அத்தனை நேரம் படித்தது சீட்டையா, சொல்வதற்கு ஒரு சொல்லையா, ஆவுடை சீட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள், இசக்கியப்பன் தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டான், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

நல்ல சீட்டும் இருந்தது, இல்லாமல் போகவில்லை, வாசலில் நிற்கும் பெரியவர் வெறுங்காலோடு வந்திருக்கிறார், வெயிலாகிவிட்டது, என் செருப்பைக் கொடுத்து அனுப்பு என்று ஒன்று, பாம்பு கடித்த பையனின் தாயைத் தனியாக விடாதே, நீயே கூட இரு என்று ஒன்று, மனுஷர் உண்மையாகவே உருகியிருக்கிறார், முகம் தெரியாத ஊரெல்லாம் அதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது, அந்தச் செருப்புக் கிழவர் மேல்கூட ஆவுடைக்குப் பொறாமை வந்தது, இந்த வயசில், இத்தனைக்கும் பிறகு, வெட்கமில்லாமல் வந்தது. அப்புறம் கடைசிக் கட்டின் கடைசிச் சீட்டு, அன்னபாக்கியம் இரண்டு தடவை படித்தாளே, அது, ஊர் பேசுகிறது, என் பெயர் முக்கியம், ஆவுடைதான் உன்னை அனுப்பச் சொல்கிறாள், நாளைக்குள் போய்விடு. தெரிந்திருக்கிறது அவளுக்கு, தன்னை விரட்டியது அக்காதான் என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டுதான் கண்ணாடியைத் துடைத்தாள், தெரிந்துகொண்டுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று சிரித்தாள், தெரிந்துகொண்டுதான் நாற்பத்தைந்து கிறிஸ்துமஸுக்கும் தூக்குவாளி வந்தது. ஊரே கும்பிட்ட மனுஷர் பழியைப் பெண்டாட்டி தலையில் போட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் முடித்துக்கொண்டார், அது ஆவுடைக்கு இப்போது பெரிதாகப் படவில்லை, அவரை அவளுக்குத் தெரியும், பால்வண்ணம் படித்த சீட்டுகளில் இருந்தவர்தான் அவர், அவள் ஆசைப்பட்ட, ஏங்கிய, யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்ற அந்த இன்னொரு புருஷன் வாரத்தில் ஒருநாள் அன்னபாக்கியத்தின் வாயில் மட்டும் இருந்தான், அவனைத்தான் வண்டியேற்றி அனுப்பினாள்.

எதை வைக்கட்டும்மா என்று இசக்கியப்பன் மெதுவாகக் கேட்டான், செருப்புச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள், அவன் முகம் மலர்ந்தது, இது போதும்மா, இது ஒண்ணே போதும், ஐயா மனசு இதுல தெரியுது, என்றான், மற்றதை நூல் சுற்றி டப்பாவில் போட்டு இடுப்போடு வைத்துக்கொண்டாள், இதெல்லாம் எனக்கு எழுதுனது, என்கிட்டயே இருக்கட்டும், என்றாள். எதிர்ச் சுவரில் மாட்டுவதற்காகக் குரூப் போட்டோவைச் சாய்த்து வைத்திருந்தார்கள், அவர் நடுவில், பக்கத்தில் அவள், வலது ஓரத்தில் அவள் தோளுக்கு அப்பால் ஒன்றும் இல்லை, சட்டத்தின் மரம்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சொன்னால் அழுகைதான் முதலில் வரும் என்று தெரிந்தது, மூடிக்கொண்டாள், இன்றைக்கு என்ன கிழமை என்று நினைவில்லை, எதுவாக இருந்தால் என்ன, இசக்கியப்பனின் சட்டைப்பையைக் காட்டிப் பேனாவைக் கேட்டு வாங்கினாள், அவன் கையில் வைத்திருந்த ஒரு கடித உறையை வாங்கி அதன் ஓரத்தைக் கிழித்தாள், எழுதுகிறாள், வாழ்நாளில் இன்னொருவர் படிப்பதற்கென்று எழுதுகிற முதல் எழுத்து, கோணிக்கொண்டு போகிறது, போகட்டும், அதிகாரி நிமிர்ந்து ஐயா படத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான், எழுதி முடித்து இரண்டாக மடித்தாள், விரலிடுக்கில் வைத்து நீட்டினாள், சத்தமாப் படிங்க, என்றாள்.

இசக்கியப்பன் சீட்டைப் பிரித்தான், தனக்குள் ஒருமுறை படித்துக்கொள்ளவில்லை, நேரே படித்தான், போட்டோவில் வலது ஓரம் பின்னால் மடித்திருக்கிறது, பிரித்து மாட்டவும், அங்கே நிற்பது என் தங்கை அன்னபாக்கியம். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தான், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, ஆவுடை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் படித்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள், எங்காவது ஓர் அக்கா வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.